குழப்படிப் பிள்ளைக்கு அதட்டலை விட உதவும் ஒன்று

ஹட்டன் பக்கத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு.

எழும்பி ஓடுகிற பிள்ளையை "இரு, இரு" என்று அதட்டினால் அது இன்னும் எழும்பும்; அதட்டலும் அதற்கு ஒரு கவனிப்புத்தான். 1968இல் அமெரிக்காவில் மேட்சன், பெக்கர், தாமஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதை வகுப்பறையிலேயே சோதித்தார்கள். விதிகளைச் சொன்னது மட்டும் பெரிதாக உதவவில்லை. சின்னக் குழப்படியைக் கண்டுகொள்ளாமல் விட்டு, நல்லதைச் செய்தபோது பாராட்டியதுதான் மாற்றத்தைக் கொண்டுவந்தது.

"கெட்டிக்காரன்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "கொப்பியை எடுத்து உடனே எழுதத் தொடங்கிட்டியே மகன், நல்லம்" என்று செய்ததைச் சொல்லுங்கள், பக்கத்தில் போய், மெதுவாக. அடிதடி என்றால் மட்டும் உடனே தடுக்க வேண்டும்.

அப்புறம், தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து (மேற்பிரிவிலிருந்து) வெறும் தேத்தண்ணியோடு நடந்து வந்த பிள்ளையா என்றும் கேட்டுப் பாருங்கள். பசியென்றால் முதலில் சாப்பாடு.