ஸ்நாட்-22 சைனஸ் கேள்வித்தாளைத் தமிழாக்கிச் சரிபார்ப்பது எப்படி?

நாள்பட்ட சைனஸ் நோயில் ஸ்கேன் ஒன்று சொல்லும், நோயாளி வேறொன்று சொல்வார். படத்தில் சைனஸ் முழுக்க அடைத்திருக்கும். ஆளோ "பரவாயில்லை டாக்டர்" என்பார். அதனால்தான் தொல்லையை நோயாளியிடமே கேட்டு மதிப்பெண் போடும் ஸ்நாட்-22 பயன்படுகிறது. கடந்த 2 வாரங்களைப் பற்றி 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 110. எண் ஏற ஏறத் தொல்லை அதிகம். இதைத் தமிழாக்க முதன்முறையாக இறங்குபவர்களுக்காக இந்த விளக்கம்.

படி 1: அனுமதி. இதன் பதிப்புரிமை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. எழுதிக் கேளுங்கள், ஏற்கெனவே தமிழ் வடிவம் இருக்கிறதா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள். உங்கள் மருத்துவமனை எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதலும் வேண்டும்.

படி 2: இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கட்டும். ஒருவர் மருத்துவம் அறிந்தவர், மற்றவர் அறியாதவர். பிறகு உட்கார்ந்து இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

படி 3: மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அந்தத் தமிழை ஆங்கிலத்துக்குத் திருப்பட்டும். பொருள் மாறியிருக்கிறதா என்று மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வேலைத்திறன் குறைவதைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. அதற்கு 'உற்பத்தித்திறன் குறைவு' என்று போட்டால் திருப்பும்போது மூலச்சொல் அப்படியே வந்துவிடும். எல்லோருக்கும் திருப்தி. ஆனால் வீட்டு வேலை பார்க்கும் அம்மா அதைப் படித்துவிட்டு, "நான் எந்த கம்பெனிக்கும் போகலையே" என்பார். 'வழக்கம்போல் வேலை ஓடவில்லை' என்றால் அவருக்கு உடனே புரியும். திருப்பினால்தான் கோணலாக வரும். கோணலாக வந்ததாலேயே நல்ல தமிழைத் தூக்கிப் போடாதீர்கள்.

படி 4: மருத்துவர், மொழி அறிந்தவர், மொழிபெயர்த்தவர்கள் எல்லோரும் ஒரு குழுவாகக் கூடி ஒவ்வொரு வரியையும் முடிவு செய்யுங்கள். தகராறு வரும் சொற்கள் எனக்குத் தெரிந்து இவை:

'மயக்கம்' என்றால் சிலருக்குத் தலைசுற்றல், சிலருக்கு நினைவு தப்புவது. 'தலைசுற்றல், கிறுகிறுப்பு' பாதுகாப்பானது. மணத்துக்கு 'நாற்றம்' பழந்தமிழில் சரி, இன்று துர்நாற்றம்தான்; 'வாசனை' போதும். நாலு பேர் முன்னால் மூக்கு சிந்தும் சங்கடத்துக்கு 'வெட்கம்' பொருந்தாது, 'கூச்சம்' பொருந்தும். முகத்தில் அழுத்தம் என்று யாரும் சொல்வதில்லை, 'முகம் பாரமாக இருக்கிறது' என்பார்கள். அப்புறம் விடைகள்: 1-க்கும் 2-க்கும் இடையே 'மிக லேசாக', 'லேசாக' என்ற வித்தியாசம் காதில் நிற்கிறதா என்று உரக்கப் படித்துப் பாருங்கள்.

படி 5: 30 முதல் 40 நோயாளிகளிடம் முன்சோதனை. அவசரப்படாமல் செய்ய வேண்டியது இதுதான். விடையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள், "இந்தக் கேள்வியில் என்ன கேட்கிறார்கள் என்று நினைத்தீர்கள்?" என்று அவர்கள் சொற்களிலேயே சொல்லச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினால் அதைக் குறித்து வையுங்கள். வாசிப்பவர் விளக்கவுரை சேர்க்கக் கூடாது.

படி 6: எண்கள். 100 பேராவது வேண்டும். கேள்விக்கு 10 பேர் என்ற கணக்கைப் பின்பற்றினால் 220 பேர். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை க்ரோன்பாக் ஆல்ஃபா என்ற புள்ளியியல் அளவு காட்டும். 0.7-க்கு மேல் நல்லது; 0.95-ஐத் தாண்டினால் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோமோ என்று யோசியுங்கள்.

எண் ஏறக்குறைய அதேபோல் வருகிறதா என்று பார்க்க, ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே ஆட்களுக்கு அதே தாளை மறுபடி கொடுக்க வேண்டும். இடையில் மருந்து மாறினால் எண்ணும் மாறும், அது தாளின் குற்றமல்ல. அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் இதற்குத் தோதானவர்கள். சைனஸ் தொல்லை இல்லாதவர்களுக்கும் கொடுங்கள். வார்டில் துணைக்கு இருப்பவர்களே போதும். அவர்களுக்கு எண் தெளிவாகக் குறைவாக வர வேண்டும்.

கடைசியாக, அறுவைக்கு முன்னும் சில மாதங்கள் கழித்தும் எண் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். 2009-இல் வெளியான பிரிட்டன் ஆய்வின்படி, 8.9 புள்ளி குறைந்தால்தான் நோயாளி முன்னேற்றத்தை உணர்கிறார். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், "முன்பைவிடத் தேவலையா?" என்று தனியாக ஒரு கேள்வி கேட்டு உங்கள் நோயாளிகளுக்கான எண்ணைக் கணக்கிடுங்கள்.