ஹீற்றர் கோர் ஒழுகினால்: பழைய வானை பைபாஸ் செய்யும் முறை

எங்கள் வான் டொல்பின் என்று சொல்லும் பழைய டொயோட்டா ஹயேஸ், 2.8 டீசல் எஞ்சின். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில்தான் பெரும்பாலும் ஓட்டம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் குறைந்துகொண்டே வந்தது, ஆனால் எஞ்சினுக்குக் கீழே ஒரு சொட்டும் இல்லை. கடைசியில் அகப்பட்டது டாஷ்போட்டுக்குள் இருக்கும் ஹீற்றர் கோர். அது ஒரு குட்டி ரேடியேற்றர். எஞ்சினின் சுடுதண்ணீர் அதற்குள் போய்த் திரும்பும். யப்பான் குளிரில் வாகனத்துக்குள் சூடேற்ற அது கட்டாயம் வேணும்.

வன்னியில் ஓடும் வாகனத்துக்கு டாஷ்போட்டை முழுதாகக் கழற்றிப் புதுக் கோர் போடத் தேவையில்லை என்பது என் முடிவு. கோருக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் இணைத்து பைபாஸ் செய்தால் போதும். மாரியில் கண்ணாடி மங்கினால் ஏசியே ஈரத்தை எடுத்துவிடும். ஏசி இல்லாத வாகனம் வைத்திருப்பவர்களும், நுவரெலியாப் பக்கம் அடிக்கடி ஹயர் போகிறவர்களும் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ரீகண்டிசன் கோர் தேடுவதே நல்லது.

ஒழுகுவது கோர்தானா?

கால் வைக்கும் இடத்துக் காப்பெற் நனைந்திருந்தால் உடனே கோரைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஏசியின் வடிகுழாய் அடைபட்டாலும் அங்கேதான் நனையும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். ஏசித் தண்ணீர் வெறும் தண்ணீர். கூலன்ற் வழுவழுக்கும், நிறம் இருக்கும், இனித்த மணம் வரும். முன் கண்ணாடியின் உட்பக்கத்தில் துணியால் துடைத்தாலும் போகாமல் இழுபடும் எண்ணெய்ப் படலம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், கோர்தான். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், அது நஞ்சு. வடித்த கூலன்றை முற்றத்தில் விட்டால் நாய் நக்கும். மூடியுள்ள போத்தலில் ஊற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வாங்க வேண்டியவை

ஹீற்றர் ஹோஸ், ஸ்குரூ வைத்த நல்ல கிளிப்புகள், கூலன்ற், பற்றரிக்கு ஊற்றும் வடிதண்ணீர். பல வான்களில் ஹோஸின் உள்ளளவு 16 மில்லிமீற்றர், அதாவது 5/8 அங்குலம். ஆனாலும் பழைய துண்டைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் ஹோஸ் இந்தச் சூட்டுக்கு நிற்காது. கம்பிக் கிளிப்பை நான் தொடுவதே இல்லை. எங்கள் கிரவல் றோட்டுக் குலுக்கலில் அது தளர்ந்துவிடும்.

வேலை

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து, ரேடியேற்றரிலிருந்து கொஞ்சம் வடியுங்கள். எஞ்சினுக்கும் கோருக்கும் இடையில் போகும் இரண்டு ஹோஸையும் கண்டுபிடித்து எஞ்சின் பக்க முனையில் கழற்றுங்கள். பழைய ஹோஸ் குழாயோடு ஒட்டிப்போய் இருக்கும். முறுக்கி இழுக்க வேண்டாம். பிளேட்டால் நீளவாக்கில் கீறினால் தோல் உரிவதுபோல் கழன்று வரும். கீறும்போது குழாயில் கோடு விழாமல் பாருங்கள், பிறகு அந்தக் கோடு வழியாகவே கசியும். குழாயில் படிந்த வெள்ளைக் காரையை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து எடுங்கள்.

இனி, எனக்கு அதிக நேரம் எடுத்த இடம். இரண்டு முனையையும் தனித்தனியாக அடைத்துவிட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டற் (சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு) மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றிவர ஹீற்றர் பாதையும் வேணும். அதனால் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு வளையமாக இணைக்க வேணும். நேரான ஹோஸை நெருக்கமாக வளைத்தால் நடுவில் மடிந்து நசுங்கிவிடும். வெளியே பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும், உள்ளே தண்ணீர் போகாது. U வடிவில் வார்த்த ஹோஸ் கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் ஏசி திருத்தும் கடையில் அதே அளவுச் செப்புக் குழாயை வளைத்து, இரண்டு முனையிலும் சின்னதாக ஒரு உப்பல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்த உப்பல் இருந்தால்தான் ஹோஸ் வழுக்காது. கிளிப்பைக் குழாயின் நுனியில் அல்ல, உப்பலைத் தாண்டி இறுக்குங்கள்.

அடுத்தது உள்ளே சிக்கிய எயாரை வெளியே எடுப்பது. ரேடியேற்றர் மூடி இருக்கும் பக்கம் உயர நிற்கும்படி வாகனத்தை நிறுத்துங்கள். எங்கள் பக்கம் எல்லாம் சமதரை, ஆனால் குளக்கட்டுக்கு ஏறும் சரிவு எந்த ஊரிலும் உண்டு. கைப்பிரேக்கோடு சில்லுக்குக் கல்லும் வையுங்கள். மூடி திறந்தபடி நிரப்பி, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும், திரும்ப ஊற்றுங்கள். மேல் ஹோஸ் சூடாகி, குமிழி நின்ற பிறகே மூடியைப் போடுங்கள். வெப்ப முள்ளை மட்டும் நம்பாதீர்கள். சென்சரைச் சுற்றி எயார் நின்றால் எஞ்சின் கொதிக்கும்போதும் முள் கீழேயே கிடக்கும். மறுநாள் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, மட்டத்தை இன்னொரு தடவை பாருங்கள்.

ஒழுக்கை அடைக்க மஞ்சள்தூள் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தூளுக்கு ஓட்டை எது, ரேடியேற்றரின் மெல்லிய குழாய் எது என்று தெரியாது. இரண்டையும் அடைக்கும். வேண்டவே வேண்டாம். கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான். எங்கள் பக்கம் பல கிணறுகளில் கல்லுத் தண்ணீர், கேத்திலுக்குள் படியும் அதே காரைதான் எஞ்சினுக்குள்ளும் படியும். இங்கே தண்ணீர் உறையாது, கூலன்ற் எதற்கு என்று கேட்பார்கள். துருவையும் அரிப்பையும் தடுக்க அது வேணும். பாதிக்குப் பாதி வடிதண்ணீர் கலந்தால் சரி.

பின்சேர்க்கை: பைபாஸ் செய்தும் தண்ணீர் குறைகிறது என்று எழுதியவர்களின் வான்களில் பின் ஹீற்றரும் இருந்தது. முன்னும் பின்னும் ஏசி உள்ள டூவல் ஏசி வான்களில் பின்னுக்கு ஒரு தனிக் கோர் இருக்கலாம். அதற்கு முன்பக்கத்திலிருந்து ஒரு T இணைப்பில் பிரிந்து, தரைக்கு அடியால் இரும்புக் குழாய் போகும். சேறும் தண்ணீரும் அடித்து அந்தக் குழாய் உக்கிப்போகும். பின் இருக்கைக்குக் கீழே கை விட்டு ஈரம் பாருங்கள், பிறகு வாகனத்துக்கு அடியில் படுத்துக் குழாயின் முழு நீளத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். வளையத்தை அந்த T இணைப்புக்கு முன்னால், எஞ்சினுக்குப் பக்கத்திலேயே போட்டால் இரண்டு கோரும் ஒன்றாக விலகிவிடும். ஏசியும் முன்பைவிடக் குளிரலாம், ஏனென்றால் கோருக்குப் போகும் தண்ணீரை நிறுத்தும் ஹீற்றர் வால்வு சரியாக மூடாத பழைய வான்களில் சுடுதண்ணீர் எப்போதும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.