டிராவல் டிரெய்லருக்கு டயர் வாங்கப் போறீங்களா, இத பாத்துட்டு போங்க

அமெரிக்கால வெயிட்டான டிராவல் டிரெய்லர் (வண்டி பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சின்ன வீடு மாதிரி) இழுக்கறவங்க டயர் மாத்தும்போது விலைய மட்டும் பாக்காதீங்க, டயர் சைடுல எஸ்டின்னு (ஸ்பெஷல் டிரெய்லர், அதாவது டிரெய்லருக்குன்னே செஞ்ச டயர்) போட்டிருக்கணும், அப்புறம் லோட் ரேஞ்ச், அதாவது டயர் எவ்வளவு வெயிட் தாங்கும்னு காட்டற எழுத்த பாருங்க. எஸ்டி 225/75 ஆர்15 சைஸ்லயே டி ரேஞ்ச் 65 பிஎஸ்ஐ காத்தழுத்தத்துல 2540 பவுண்டு தாங்கும், ஈ ரேஞ்ச் 80 பிஎஸ்ஐல 2830, அதனால ஈ தான் நல்லது, ஆனா ரிம்மும் 80 தாங்குமான்னு பாத்துட்டு மாத்துங்க, வால்வு மெட்டல்லயே போடச் சொல்லுங்க. டயர் சைடுல டாட்னு (DOT) ஆரம்பிக்கற நம்பரோட கடைசி நாலு எண்ண கடைலயே குனிஞ்சு பாருங்க, 2324னா 2024ல 23வது வாரம் செஞ்சது, பழைய ஸ்டாக் குடுத்தா வேணாம்னுடுங்க. பட்டன் (ரோட்டுல படற மேல்பகுதி) நல்லா இருந்தாலும் 5, 6 வருஷத்துல மாத்திடுங்க, டிரெய்லர் டயர் தேயறதுக்கு முன்னாடியே வெயில்ல நின்னு நின்னு வீணாப் போயிடும்.