பொடக்காலியில் தொடங்கி அலைவாய் வரை: உற்றுப் பார்க்கப் பழகும் முறை

கோயம்புத்தூர், ஈரோடு, கரூர்ப் பக்கமிருந்து அலைவாய் எனும் திருச்செந்தூர் போய் வந்தவர்களிடம் கடல் எப்படி இருந்ததென்று கேட்டால், "அலை பெருசுங்க, கூட்டம் சாஸ்திங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும். பார்த்ததை எண்ணவும் அளக்கவும் பழகாததுதான் காரணம். இந்தப் பழக்கத்தை வீட்டிலேயே இரண்டு வாரத்தில் பிடித்துவிடலாம். அதே அளவுகளைக் கடற்கரையிலும் எடுக்கும்போதுதான் ஊருக்கு ஊர் என்ன மாறுகிறது என்று தெரியும். ஆகவே முதலில் பொடக்காலி, அதாவது வீட்டுக் கொல்லைப்புறம், பிறகு கடல். வரிசையை மாற்ற வேண்டாம்.

வேண்டியவை கொஞ்சம்தான். 80 பக்க நோட்டு ஒன்று, பென்சில், 15 செ.மீ. ஸ்கேல், கைக்கடிகாரம், ஒரு முழம் நூல், சிறு காந்தம், பத்து ரூபாய்க் காசு ஒன்று. ஜெல் பேனா வேண்டாம். ஈரக்கை பட்டால் எழுத்து கரைந்துவிடும். பத்து ரூபாய்க் காசின் குறுக்களவு 27 மி.மீ. படம் எடுக்கும்போது அதைப் பக்கத்தில் வைத்தால், பிறகு எந்தப் பொருளின் அளவையும் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் செல்போனைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். படம் எடுத்த கணமே பார்த்து முடித்துவிட்டதாக மனசு நினைத்துக்கொள்ளும்.

படி 1: இடம்

மூன்றடிக்கு மூன்றடி போதும். துவைக்கிற கல்லடி, குழாயடி, மாட்டுத் தண்ணித் தொட்டி ஓரம் என ஈரம் இருக்கும் இடமாகப் பாருங்கள். எறும்பும் குளவியும் ஈரத்தைத் தேடி வரும். தோட்டம் முழுவதையும் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் நான்காம் நாளே "எல்லாம் பச்சையா இருக்கு" என்று எழுதி நிறுத்திவிடுவார்கள்.

படி 2: பத்து நிமிடம், ஐந்து வரி

தினமும் ஒரே நேரம், காலை 7 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நிமிடம் எழுதாமல் உட்கார்ந்திருங்கள். ஆள் வந்த சத்தத்தில் ஒளிந்த ஓணானும் தவிட்டுக்குருவியும் திரும்பி வரட்டும். பிறகு ஐந்து வரி: நேரம், காற்றும் வானமும், ஓர் எண்ணிக்கை, ஓர் அளவு, ஒரு கேள்வி.

"எறும்பு நிறைய" என்று எழுதினால் அடுத்த நாளோடு ஒப்பிட முடியாது. "7:10, குழாயடி, ஒரு நிமிடத்தில் 34 எறும்பு சுவர்ப் பக்கம், 5 வாயில் வெள்ளை" என்று எழுதினால் முடியும். ஒரு நிமிட எண்ணிக்கையை மூன்று முறை எடுத்து மூன்றையும் எழுதுங்கள். சராசரி போட வேண்டாம். மூன்று எண்ணும் எவ்வளவு விலகுகின்றன என்பதே ஒரு செய்திதான். அந்த வெள்ளையை எல்லோரும் முட்டை என்போம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற அளவில் இருந்தால் பெரும்பாலும் அது புழுவோ கூட்டுப்புழுவோதான். முட்டை மிகச் சிறியது. "முட்டை" என்று எழுதாமல் "வெள்ளை" என்று எழுதியது சரி. கண்டதை முதலில் எழுத வேண்டும், பேரைப் பிறகு தேடலாம்.

படி 3: குழியானைக் குழி

தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. தாழ்வாரத்தின் ஓரம், மழைச்சாரல் படாத பொடிமண்ணில் புனல் மாதிரி சிறு குழிகள் இருக்கும். அடியில் குழியானைப் பூச்சி, சில ஊரில் குழிநரி, புதைந்து காத்திருக்கும். குழியின் வாயகலத்தை மி.மீ.யில் அளந்து எழுதுங்கள். ஒரு புல் நுனியால் விளிம்பிலிருந்து நாலைந்து மணலைத் தள்ளிவிட்டால் அடியிலிருந்து மண் மேலே வீசப்படும். சரிவு நிற்கக்கூடிய அதிகபட்சச் சாய்வில் இருப்பதால் எறும்பு கால் வைத்ததும் மண் சரிகிறது. குழியைக் கலைத்துவிட்டு எத்தனை மணி நேரத்தில் புதுக்குழி வருகிறது என்று பாருங்கள். வாரம் ஒருமுறைக்கு மேல் கலைக்காதீர்கள். மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்து, பொடியா பருமனா என்றும் குறிக்க வேண்டும். கடற்கரையில் இது கைகொடுக்கும்.

காங்கயம், தாராபுரம் பக்கத்துக்காரர்கள் கொறங்காட்டு, அதாவது மேய்ச்சல் நிலத்துக் கிளுவை வேலியில் ஒரே ஒரு குச்சிக்கு நூல் கட்டி வைத்து, முதல் தளிர் வந்த தேதியையும் அதற்கு முந்தைய மழைத் தேதியையும் எழுதி வரலாம். ஒரு வருஷ வேலை, ஆனால் மாதத்துக்கு ஐந்து நிமிடம்.

படி 4: உப்பும் துண்டும்

ஒரு டீஸ்பூன் கல் உப்பைத் தட்டில் பரப்பி, மாலை 6 மணிக்கு ஜன்னலோரம் வைத்துக் காலை 6 மணிக்குப் பாருங்கள். சுத்தமான உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீர்க்கத் தொடங்கும். கல் உப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசியும். கடலுக்குப் போகும்போது இதே உப்பைக் காற்றுப் புகாத டப்பாவில் கொண்டுபோங்கள். பாக்கெட் பொடி உப்பு உதவாது. கட்டி பிடிக்காமலிருக்க அதில் வேறு பொருள் சேர்த்திருப்பார்கள்.

அடுத்து, ஓர் ஈரிழைத் துண்டை 100 மி.லி. தண்ணீரில் நனைத்து நிழலில் விரித்துக் காயும் நேரத்தைக் குறியுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் வரும் எண்ணும் ஐப்பசியில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது. அதனால் வீட்டையும் கடலையும் ஒரே மாதத்தில்தான் ஒப்பிட வேண்டும். அங்கேயும் குழாய்த் தண்ணீரில்தான் நனைக்க வேண்டும். கடல் தண்ணீரில் நனைத்தால் துணியில் தங்கும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கணக்குத் தப்பும்.

படி 5: கடற்கரையில் இரண்டு நாள்

பாலக்காடு – திருச்செந்தூர் ரயில் பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாகத்தான் போகிறது. ஒருநாள் போய்த் திரும்பினால் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, தெரியாது. இரண்டு நாள் வேண்டும். கோயில் முகப்பில் கூட்டத்தின் கால்தடம் எல்லாவற்றையும் அழித்துவிடும், சற்றுத் தள்ளி நடந்துவிடுங்கள்.

அசையாத பாறையோ படிக்கட்டோ ஒன்றை அடையாளமாக வையுங்கள். மணலில் நட்ட குச்சியை அலை கொண்டுபோய்விடும். பத்து அலைகளைப் பார்த்து, அதிக தூரம் ஏறிய அலை அடையாளத்திலிருந்து எத்தனை அடி என்று எழுதுங்கள். ஓர் அலையை மட்டும் பார்த்து எழுதுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. அரை மணிக்கொருமுறை இப்படி எடுத்தால் ஏற்றமும் வற்றமும் தெரியும். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தாமதமாக வரும். அந்தக் கரையில் ஓதத்தின் உயர வித்தியாசம் குறைவு என்பதால் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் மாறாதது போலிருக்கும். மணல் சரிவில் அடி அளந்தால் பிடிபடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓரிரு நாளில் போனால் நன்றாகத் தெரியும், அஷ்டமியை ஒட்டிப் போனால் கஷ்டம்.

நண்டு வளைகளுக்குக் குழியானைப் பாடம் அப்படியே பொருந்தும். வளை வாய்க்குப் பக்கத்தில் காசை வைத்து அளந்து, தண்ணீரிலிருந்து எத்தனை அடி தூரம் என்றும் எழுதுங்கள். கரைக்கு மேலே போகப் போகப் பெரிய வளைகள் வருகின்றனவா என்று உங்கள் எண்களே சொல்லட்டும். மணலில் கறுப்பு வரி ஓடினால் அது கனமான தாதுமணல். லேசான மணலை அலை வாரிப்போக இது தங்கிவிடுகிறது. காந்தத்தைத் தாளில் சுற்றிக்கொண்டு தொடுங்கள். தாள் சுற்றாவிட்டால் ஒட்டிய துகளைக் காந்தத்திலிருந்து பிரிக்கப் படாதபாடு படவேண்டும்.

பங்குனி, சித்திரையில் போகிறவர்கள் நூலைக் குச்சியில் கட்டி, விடியற்காலையும் பிற்பகலும் காற்றுத் திசையைக் குறியுங்கள். பகலில் கடலிலிருந்து கரைக்கும் இரவில் கரையிலிருந்து கடலுக்கும் காற்று திரும்பும். குச்சியைத் தூக்குநூல் பிடித்து நேராக நட்டால் நிழலே விழாத நாளையும் பிடிக்கலாம்: திருச்செந்தூரில் ஏப்ரல் 11, 12 வாக்கில், கோவையில் ஏப்ரல் 18, 19 வாக்கில். கடிகாரத்தில் 12 மணிக்குப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு ஊரிலும் உச்சி 12:15 தாண்டித்தான் வரும்.

கடலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து அளக்காதீர்கள், குழந்தைகள் கூட இருந்தால் ஒருவர் அளக்க ஒருவர் அலையைப் பார்க்க வேண்டும். சொறி (ஜெல்லிமீன்) கரை ஒதுங்கியிருந்தாலும் தொடக்கூடாது, செத்த பின்னும் கொட்டும். கூம்பு வடிவச் சங்கில் உயிர் இருந்தால் விஷம் உண்டு. பவளத்துண்டு, கடல்குதிரை எடுத்து வருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வரைந்துகொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை 7 மணிக்குத் துவைக்கிற கல்லடியில் அதே ஐந்து வரியை எழுதுங்கள். நோட்டில் திருச்செந்தூர்ப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டு வையுங்கள். ஆடியில் மறுபடி போக வாய்த்தால், அங்கே மேற்கிலிருந்து காற்று பகலிலும் கடலை நோக்கி ஓடும். அதை அந்தப் பக்கத்தில் எழுதலாம்.