எண்கோட்டில் 150 எங்கே? பெரியவர்கள் செய்யும் தவறுகள்

வெற்றுத்தாளில் அடிமட்டம் வைத்து 20 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு கோடு இழுங்கள். இடது முனையில் 0, வலது முனையில் 1000. இடையில் எதுவும் வேண்டாம். தரம் 2 பிள்ளையிடம் 150ஐக் குறிக்கச் சொல்லுங்கள். சரியான இடம் இடது முனையிலிருந்து 3 சென்ரிமீற்றர். பல பிள்ளைகளின் பென்சில் அதைத் தாண்டி நடுவை நோக்கி வெகுதூரம் போய்விடும்.

இதைக் 'கவனமில்லை' என்று அதட்டுவதுதான் முதல் தவறு. அந்தப் பிழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சிறிய எண்கள் அகலமாகப் பரவியிருக்கும்; பெரிய எண்கள் வலது முனையில் நெருக்கியடிக்கும். அமெரிக்க உளவியலாளர்களான சீக்லரும் ஒப்ஃபரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் குறித்தார்கள். அந்த வயதினரே 0 முதல் 100 வரையான கோட்டில் இதைவிட நன்றாகக் குறித்தார்கள். ஆகவே நூறுக்குள் சரியாக வைக்கிறான் என்பதால் ஆயிரத்துக்குள்ளும் வைப்பான் என்று எண்ணிவிடக் கூடாது.

கொழும்பில் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து ஏறுவரிசை, இறங்குவரிசைக் கணக்குகளை அடுக்கிக்கொண்டே போகும் வீடுகளுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 150, 400, 800 என்று வரிசை பிசகாமல் குறித்த பிள்ளைக்கு இடைவெளி முழுவதும் பிசகியிருக்கலாம். வரிசையைப் பார்த்துவிட்டுச் சரி போடுவது அரைத் திருத்தம்தான்.

எந்த எண்ணைத் திருத்துகிறோம் என்பதும் முக்கியம். நாம் வழக்கமாக 500ஐயோ 900ஐயோ எடுத்துக்கொள்கிறோம். ஆனால் பிள்ளையின் கணிப்பு மிக அதிகமாக விலகுவது 150ஐச் சுற்றித்தான். ஒப்ஃபரும் சீக்லரும் 2007இல் இதைச் சோதித்தபோது, 5இலோ 725இலோ திருத்தியதைவிட 150இல் திருத்தியதே நன்றாகப் பலித்தது. பலர் ஒரே திருத்தத்தில் கோடு முழுவதையும் மாற்றிப் பார்க்கத் தொடங்கினார்கள். பத்துப் பக்க அப்பியாசத்தைவிட இது மேல் என்பது என் கட்சி.

உதவுவதாக நினைத்து நூறு நூறாகக் கீறு போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. அப்போது பிள்ளை கீறுகளை எண்ணுமே தவிர அளவை மதிப்பிடாது. பெரியவர்கள் இரு முனைகளையும் நடுவையும் பிடித்துக்கொண்டுதான் கணிக்கிறார்கள். எனவே தாளை மடித்து நடுவை மட்டும் காட்டுங்கள். 500 அங்கே என்றால் 150 எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்று கேளுங்கள்.

நாம் மட்டும் என்ன? மில்லியனும் பில்லியனும் நாள்தோறும் தலைப்புச் செய்தியில் வரும் ஊர் இது. அதே நீளக் கோட்டின் ஒரு முனையில் ஆயிரம், மறுமுனையில் பில்லியன், அதாவது நூறு கோடி, என்று எழுதி ஒரு மில்லியனைக் குறிக்கச் சொன்னால், படித்தவர்களிலும் பலர் நடுவுக்கு அருகில் வைப்பார்கள். உண்மையில் அது இடது முனையிலிருந்து 0.2 மில்லிமீற்றர், பேனைக் கோட்டின் தடிப்பே அதைவிட அதிகம். பழகாத அளவுக்குப் போனால் பெரியவர் கையும் தடுமாறும்.

பாலர் வயதில் விளையாட்டே போதும். 1 முதல் 10 வரை ஒரே நேர்கோட்டில் கட்டங்கள் போட்டு விளையாடிய பிள்ளைகள் எண்கோட்டில் முன்னேறினார்கள் என்று ரமணியும் சீக்லரும் 2008இல் காட்டினார்கள். எண்ணுக்குப் பதில் வெறும் நிறம் பூசிய பலகையில் அந்தப் பலன் இல்லை. பாம்பும் ஏணியும் பலகையில் வரிசைக்கு வரிசை திசை திரும்புவதால் மிகச் சிறியவர்களுக்கு நேர்வரிசையே நல்லது. காய் நகர்த்தும்போது ஒரு பழக்கத்தை விடுங்கள்: 24இல் நிற்கும் காய்க்கு மூன்று விழுந்தால் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ண வேண்டாம். 'இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு' என்று கட்டத்தில் உள்ள எண்ணையே பிள்ளை வாய்விட்டுச் சொல்லட்டும்.