புதிதாக கோல்ஃப் ஆடுபவர் மட்டையையும் அதன் தண்டான ஷாஃப்டையும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

கோல்ஃப் விதிகளின்படி ஒரு சுற்றுக்கு 14 மட்டைகள் வரை எடுத்துச் செல்லலாம். குறைந்தது இத்தனை வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. புதியவருக்கு ஏழு அல்லது எட்டு மட்டைகள் தாராளமாகப் போதும். நெடுந்தூரம் அடிக்க ஒரு டிரைவர், டிரைவருக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட ஒரு ஹைப்ரிட், நடுத்தர தூரத்துக்கு 6 மற்றும் 8 எண் அயர்ன்கள், குறைந்த தூரத்துக்கு பந்தை உயர எழுப்ப ஒரு பிட்சிங் வெட்ஜ், மணற்குழியிலிருந்து பந்தை எடுக்க ஒரு சாண்ட் வெட்ஜ், பந்தைக் குழிக்குள் உருட்டிவிட ஒரு பட்டர் ஆகியவை இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம். முகச் சாய்வு குறைந்த 3, 4 எண் அயர்ன்களை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. அவற்றால் பந்தை மேலே எழுப்ப நல்ல வேகமும் பழக்கமும் வேண்டும். அதே வேலையை ஹைப்ரிட் எளிதாகச் செய்துவிடும்.

கடைக்குச் செல்பவர் பெரும்பாலும் மட்டையின் தலையைப் பார்த்து மயங்குகிறார். ஷாஃப்டைப் பற்றிக் கேட்டால் அதில் அச்சிட்டிருக்கும் எழுத்தை மட்டும் பார்க்கிறார். எல் என்பது பெண்களுக்கு, ஏ என்பது மூத்தவர்களுக்கு, ஆர் என்பது சாதாரண வளைவு, எஸ் என்பது விறைப்பு, எக்ஸ் என்பது மிகுந்த விறைப்பு என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஆனால் இந்த எழுத்துகளுக்கு எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட பொது அளவுகோல் எதுவும் இல்லை; ஒரு நிறுவனத்தின் ஆர், இன்னொரு நிறுவனத்தின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கக்கூடும். ஆகவே எழுத்தை ஒரு தொடக்கக் குறிப்பாக மட்டுமே கொள்ள வேண்டும். டிரைவரைச் சுழற்றும்போது தலையின் வேகம் மணிக்கு 75 மைலுக்குக் கீழே இருந்தால் ஏ, 75 முதல் 95 வரை ஆர், அதற்கு மேல் எஸ் என்பது பொதுவான கணக்கு. நல்ல உடற்கட்டுள்ள ஆண்கள் பலர் ஆர் என்றாலே கௌரவக் குறைவு என்று நினைத்து எஸ் வாங்குகிறார்கள். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து தாழ்வாகப் பறந்து வலப்புறம் ஒதுங்குவதும், அடிக்கும்போது மட்டை கையில் கட்டைபோல் இருப்பதும் அதன் வழக்கமான பலன்கள்.

விறைப்பைக் காட்டிலும் எடையை முதலில் தீர்மானிப்பதே சரி என்பது என் கருத்து. அயர்ன்களுக்கான எஃகு ஷாஃப்ட் ஏறக்குறைய 95 முதல் 130 கிராம் வரை இருக்கும். கிராஃபைட் ஷாஃப்ட் பெரும்பாலும் 50 முதல் 80 கிராமுக்குள் அடங்கிவிடும். பயிற்சிக் களத்தில் ஒரு கூடைப் பந்தை அடித்து முடிக்கும் தறுவாயில் தோள் தளர்ந்து, மட்டை தரையில் இடிக்கத் தொடங்கினால், ஷாஃப்ட் உங்களுக்குக் கனம் என்று பொருள். முழங்கை வலி உள்ளவர்களுக்கும் நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கும் அதிர்வைக் குறைக்கும் கிராஃபைட்டே ஏற்றது. இளைஞராகவும் வலுவுள்ளவராகவும் இருந்தால், விலை குறைந்த, எடை குறைந்த எஃகு ஷாஃப்டை வாங்கலாம். பெண்களுக்கானது, மூத்தவர்களுக்கானது என்ற பெயர்ப் பலகையைப் பார்க்காமல் அடித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அயர்னின் தலையைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் குழிவாக, எடை ஓரங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் அது புதியவருக்கான மட்டை; பந்து நடுவில் படாமல் விலகிப் பட்டாலும் தலை அதிகம் திரும்பாது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959இல் இந்த எண்ணத்தில்தான் தம் முதல் பட்டரை உருவாக்கினார். அதிலிருந்து கோல்ஃப் மட்டைகள் தயாரிக்கும் பிங் நிறுவனம் பிறந்தது. டிரைவரில் முகத்தின் சாய்வு 9 டிகிரியாக உள்ளதைத் தவிர்த்து, 10.5 முதல் 12 டிகிரி வரை உள்ளதை எடுங்கள். சாய்வு கூடக் கூடப் பந்து எளிதாக எழும். பக்கவாட்டில் வளைவதும் குறையும்.

இன்றைய டிரைவர்கள் பல 45.5 அங்குல நீளம் கொண்டவை. புதியவருக்கு இது அதிகம். வெட்டிக் குறைப்பதற்கு முன், பிடியில் ஒரு அங்குலம் கீழிறக்கிப் பிடித்து அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பலகையில் எழுதும் பேனாவால் பந்தின் மேல் ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டு மட்டையை நோக்கி இருக்கும்படி வைத்து அடித்தால், பந்து பட்ட இடம் மட்டையின் முகத்தில் மையாகப் பதியும். ஐந்தாறு பொட்டுகள் நடுவில் குவிந்தால் அந்த நீளம் பொருந்துகிறது. முனைக்கும் கழுத்துக்கும் சிதறினால் பொருந்தவில்லை.

ஏழாம் எண் அயர்ன் எவ்வளவு தூரம் போகிறது என்பதை வைத்து இரு செட்டுகளை ஒப்பிட வேண்டாம். முன்பு 34, 35 டிகிரி இருந்த அந்த மட்டை இப்போது பல செட்டுகளில் 30 டிகிரிக்கும் கீழே வந்துவிட்டது. எண் அதேதான், சாய்வு குறைந்ததால்தான் பந்து கூடுதல் தூரம் போகிறது. அத்தகைய செட்டில் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரியாக இருந்தால், 56 டிகிரி சாண்ட் வெட்ஜுக்கும் அதற்கும் இடையே பந்து போகும் தூரத்தில் பெரிய இடைவெளி விழும். அதை நிரப்ப 50 டிகிரி வெட்ஜ் ஒன்றைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய மட்டை வாங்குவதில் தவறே இல்லை. கிராஃபைட் ஷாஃப்ட் தலையோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். எஃகாக இருந்தால் துருவைப் பாருங்கள். ரப்பர் பிடி வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் அதற்காக மட்டையை ஒதுக்க வேண்டாம். பிடியை மாற்றுவது சிறிய செலவுதான். வலக்கை ஆட்டக்காரர் இடக்கையால் பிடிக்கும்போது நடுவிரல், மோதிர விரல் நுனிகள் உள்ளங்கையை லேசாகத் தொட்டால் அந்தப் பருமன் சரி.