பாக்கெட்டின் பின்பக்கம்

அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த மாதம், தள்ளுபடி விலைக் கடை ஒன்றில் ராகி நூடுல்ஸ் ஆறு பாக்கெட் அள்ளி வந்தேன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். வீட்டுக்கு வந்த பிறகுதான் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன். முதலில் மைதா, ராகி மூன்றாவது இடத்தில். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. மனசு கஷ்டமாகிவிட்டது.

அப்புறம் வாங்கும் முறையையே மாற்றினேன். துவரம்பருப்பு ரேஷனில், கிலோ 30 ரூபாய். காயும் கீரையும் உழவர் சந்தையில், காலை ஏழு மணிக்குள். தள்ளுபடிக் கடையில் இப்போது எடுப்பது முழு ராகி, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, வேர்க்கடலை, எண்ணெய், அவ்வளவுதான். பயறு பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். அடியில் மாவு போலத் தூள் படிந்திருந்தாலோ, மணியில் ஊசித்துளை தெரிந்தாலோ வண்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம், அப்படியே வைத்துவிடுவேன்.

எண்ணெயில்தான் அதிகம் ஏமாந்திருக்கிறேன். ஒரு லிட்டர் என்பது ஏறக்குறைய 910 கிராம். விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்த பாக்கெட்டில் 850 கிராம்தான் இருந்தது. போனில் விலையை எடையால் வகுத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். தயவுசெய்து அதைச் செய்யுங்கள்.

ராகியைக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்கிறேன். முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்டு அடை தட்டினால், அப்பா இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.